நெறிக்கட்டியும் ஸ்கேனும்: 16 வருடத்தில் நான் கற்றுக்கொண்டவை

ஜெல் தடவி, ஸ்கேன் கருவியின் கையில் பிடிக்கும் பகுதியான புரோபைக் கழுத்தில் வைத்த அடுத்த நிமிடமே "எத்தனை சென்டிமீட்டர் இருக்கு டாக்டர்?" என்று கேட்டுவிடுவார்கள். நெறி கட்டியிருக்கிறது, புற்றுநோயாக இருக்குமோ என்ற பயத்தோடு வந்து படுத்திருப்பவர் வேறென்ன கேட்பார்? அவருக்கு ஒரு எண் வேண்டும். அவரை அனுப்பிய மருத்துவருக்கும் பல நேரம் அந்த எண்தான் வேண்டும். ரிப்போர்ட்டைப் பிரித்தால் எல்லோர் கண்ணும் முதலில் போய் நிற்பது மில்லிமீட்டரில்தான். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் வேலை செய்தேன். நெறி கட்டுவது என்றால் நிணநீர்க் கணு வீங்குவதுதான். அந்தக் கணுவைக் கண்டுபிடிப்பது, அளப்பது, எழுதுவது, அடுத்தவரைக் கூப்பிடுவது. அல்ட்ராசவுண்ட் பார்க்கத் தொடங்கி 16 வருடம் ஆகிறது. அதில் நான்காவது வருடம் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதுக்குப் போகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு நான் ஸ்கேன் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடமான ஒரு அம்மா வழக்கமான சோதனைக்கு வந்திருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. வலது பக்கக் கழுத்தின் கீழ்ப்பகுதியில், கரோட்டிட் தமனியை ஒட்டி, ஒரு சின்ன நிணநீர்க் கணு. குறுக்களவு 6 மி.மீ. 1 செ.மீ.க்குக் குறைவு என்றதும் என் மனம் அங்கேயே முடிவெடுத்துவிட்டது. "குறிப்பிடும்படியான கணுக்கள் எதுவும் இல்லை" என்று எழுதி அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து, தைராய்டு அணுக்கள் சுரக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதம் இரத்தத்தில் ஏறுகிறது என்று அவர் மறுபடி வந்தபோது என்னோடு வேலை செய்த மூத்த மருத்துவர் ஸ்கேன் பார்த்தார். அதே கணு 11 மி.மீ. ஆகியிருந்தது. உள்ளே ஒரு பக்கம் நீர் கோத்திருந்தது, மீதிப் பகுதியில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். ஊசி வைத்துப் பார்த்ததில் தைராய்டு புற்று அங்கே பரவியிருப்பது உறுதியானது.

அன்று சாயந்திரம் எல்லோரும் போன பிறகு நான் முன்பு சேமித்து வைத்திருந்த படங்களை எடுத்துப் பார்த்தேன். அந்த 6 மி.மீ. படத்திலும் புள்ளிகள் இருந்தன. மூன்றோ நான்கோ. கணு உருண்டையாக இருந்தது, நடுவில் தெரிய வேண்டிய வெள்ளைக் கோடு இல்லை. எல்லாமே என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. அளந்து முடித்ததும் நான் பார்ப்பதை நிறுத்தியிருக்கிறேன்.

அந்த 6 மி.மீ. கணுவில் அன்றே ஊசி வைத்திருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதலே, சந்தேகத் தோற்றமுள்ள கணுவாக இருந்தாலும் அதன் குறுக்களவு 8 முதல் 10 மி.மீ. ஆன பிறகுதான் ஊசிப் பரிசோதனை என்கிறது, அதற்குக் கீழே இருப்பதைக் கண்காணிக்கலாம். ஆனால் கண்காணிக்க வேண்டுமென்றால் அது அங்கே இருக்கிறது என்று முதலில் ஒருவர் எழுதியிருக்க வேண்டுமே! நான் எழுதவில்லை. எட்டு மாதம் யாரும் அதைத் தேடவில்லை. அவரிடம் நானே போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப பண்ற ஆபரேஷன்ல அது முழுசா போயிடுமா?" என்று மட்டும் கேட்டார்.

சரி, ஒரு நல்ல கணு ஸ்கேனில் எப்படி இருக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன், அது தெரியாமல் கெட்டதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நிணநீர்க் கணுக்கள் நம் எல்லோருக்கும் இருக்கின்றன. உடல் முழுவதும் பல நூறு, கழுத்தில் மட்டுமே சுமார் 300. ஆகவே "ஸ்கேன்ல கணு தெரியுதாம்" என்பதே ஒரு கெட்ட செய்தி கிடையாது. இன்றைய கருவிகளில் ஆரோக்கியமான மனிதரின் கழுத்திலும் ஏழெட்டுக் கணுக்களைச் சுலபமாகப் பார்த்துவிடலாம். ஒரு நல்ல கணு சின்னஞ்சிறு சிறுநீரகம் போல இருக்கும். நீள்வட்டம், சுற்றிலும் மெல்லிய கருமையான பட்டை, அதுதான் கார்டெக்ஸ். நடுவில் வெள்ளையாக ஒரு கொழுப்புப் பகுதி, அதை ஹைலம் என்போம். இரத்தக் குழாய் அந்த ஹைலம் வழியாகத்தான் உள்ளே போகும், வெளியே வரும். இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரைப் போட்டால் நடுவிலிருந்து கிளை பிரிவது போல நிறம் தெரியும்.

புற்றணுக்கள் நிணநீரோடு வந்து முதலில் தங்குவது வெளிப்பட்டையில். நிணநீரைக் கொண்டுவரும் குழாய்கள் அங்கேதான் திறக்கின்றன. அதனால் ஆரம்பத்தில் கார்டெக்ஸில் ஒரே ஒரு இடம் மட்டும் தடித்து, புடைத்துக்கொண்டு தெரியும், மற்ற பக்கமெல்லாம் வழக்கம் போலவே இருக்கும். அப்புறம் பட்டை முழுவதும் தடிக்கும், ஹைலம் ஒரு பக்கமாக நசுங்கும், பின்பு காணாமல் போகும். கணு நீள்வட்டத்திலிருந்து உருண்டையாகும். இரத்தக் குழாய்கள் ஹைலத்தை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து உள்ளே நுழையத் தொடங்கும். இந்த வரிசை மனதில் இருந்தால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கணுவைப் பார்க்கும்போதே அதற்குள் என்ன நடந்துகொண்டிருக்கலாம் என்று யோசிக்க முடியும்.

அளவும் வேண்டும்தான். ஆனால் எந்த அளவு? கணுவின் நீளம் பெரிதாகப் பயன்படாது, குறுக்களவைத்தான் பார்க்க வேண்டும். 2.5 செ.மீ. நீளமும் 7 மி.மீ. குறுக்கும் உள்ள கணு பெரும்பாலும் சாது. 9 மி.மீ.க்கு 9 மி.மீ. என்று உருண்டையாக இருப்பதுதான் எனக்குக் கவலை தரும். குறுக்களவை நீளத்தால் வகுத்தால் 0.5க்குக் கீழே வருகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம், இன்றும் உதவுகிறது. இதற்கும் விலக்கு உண்டு. தாடைக்குக் கீழே இருக்கும் கணுக்களும், காதுக்கு முன்னால் பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் இருப்பவையும் இயல்பிலேயே கொஞ்சம் உருண்டைதான். தாடைக் கோணத்துக்குக் கீழே இருக்கும் பெரிய கணு, தொண்டையிலும் பல்லிலும் வரும் ஒவ்வொரு தொற்றுக்கும் வேலை செய்து செய்து, ஆரோக்கியமாக இருப்பவர்களிடமே குறுக்கில் 1 செ.மீ.யைத் தாண்டியிருக்கலாம். ஹைலம் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்தும் முடிவு சொல்லக் கூடாது, சின்னக் கணுக்களில் அது தெரியாமலே போகலாம். இரண்டு மூன்று அடையாளங்கள் சேர்ந்து வரும்போதுதான் எனக்குச் சந்தேகம் வலுக்கும். தைராய்டு வரலாறு உள்ளவரின் கழுத்தில் வெள்ளைப் பொடிப் புள்ளிகளும் நீர் கோத்த பகுதியும் தெரிந்தால் கதை வேறு. அவை இரண்டில் ஒன்று இருந்தாலே போதும், அளவு என்னவாக இருந்தாலும் நான் எழுதிவிடுவேன்.

இனி புரோப் பிடிக்கிறவர்களுக்குக் கொஞ்சம். புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது அழுத்தத்தைப் பற்றித்தான். கழுத்தில் புரோபை அழுத்திப் பிடித்தால் படம் தெளிவாகத் தெரிவது போலிருக்கும், ஆனால் கணுவுக்குள் போகும் மெல்லிய குழாய்கள் நசுங்கி டாப்ளரில் ஒன்றும் தெரியாது. "இரத்த ஓட்டம் இல்லை" என்று எழுதிவிடுவோம். ஒரு மாணவி இப்படி எழுதிய கணுவில் நான் ஜெல்லை இன்னும் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, புரோப் தோலைத் தொடுகிறதா இல்லையா என்னும் அளவுக்குத் தூக்கிப் பிடித்தபோது ஓரமெல்லாம் நிறம் வந்தது. டாப்ளரின் வேக அளவையும் ஃபில்டரையும் குறைத்து வைக்க வேண்டும், கணுவுக்குள் ஓடும் இரத்தம் மெதுவானது. தமனி பார்த்த அமைப்பிலேயே கணுவையும் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

புரோப் நேரானதாக, 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகக்கூடியதாக இருக்கட்டும். வயிறு பார்க்கும் வளைந்த புரோபில் கழுத்துக் கணுவைப் பார்த்து முடிவு எழுதுவது நியாயமில்லை. நோயாளியின் தோளுக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, தலை கொஞ்சம் பின்னால் சாயட்டும். குறுக்கே பார்க்கும்போது உருண்டையாகத் தெரியும் எல்லாமும் கணு அல்ல, தசையும் நரம்பும் இரத்தக் குழாயும் குறுக்குவெட்டில் உருண்டைதான். புரோபைத் தொண்ணூறு பாகை திருப்பிப் பாருங்கள், நீண்டுகொண்டே போனால் அது கணு இல்லை. கணுவையும் இப்படி இரண்டு தளத்தில் பார்த்த பிறகே அளக்க வேண்டும், இல்லையென்றால் நீள்வட்டத்தைக் குறுக்கே வெட்டிவிட்டு உருண்டை என்று பயமுறுத்துவோம். இந்தத் தப்பு வெளியிலிருந்து வரும் ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது, அவசரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கழுத்து முழுவதையும் நிதானமாகப் பார்க்க எனக்கு இன்றும் இருபது நிமிடம் பிடிக்கிறது.

முழுவதையும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை எழுபதை நெருங்கும் ஒரு ஐயா, வலது தாடைக்குக் கீழே கட்டி என்று வந்தார். அந்தக் கட்டி பல் தொற்றால் வந்தது, பார்த்ததுமே தெரிந்தது. சீட்டில் "வலது தாடைக்குக் கீழ்" என்றுதான் எழுதியிருந்தது. வழக்கப்படி இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே வந்தபோது, இடது காறை எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த மாதிரி ஒரு கணு. 12 மி.மீ., உருண்டை, ஹைலம் இல்லை. கையால் தடவினால் தட்டுப்படவில்லை. அவரிடம் சாப்பாடு எப்படி இறங்குகிறது, உடல் எடை குறைந்திருக்கிறதா என்று கேட்டேன். "ஆறு மாசமா பசியே இல்லம்மா, வயசாச்சுன்னு விட்டுட்டேன்" என்றார்.

இடது காறை எலும்புக்கு மேலே இருக்கும் கணுவை வீர்ஷோவ் கணு என்பார்கள், 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் வீர்ஷோவின் பெயரால். உடலின் பெரும்பகுதி நிணநீரைச் சுமந்து வரும் பெரிய குழாய் மார்பு வழியாக ஏறி, இடது கழுத்தின் அடிப்பகுதியில்தான் சிரைக்குள் கலக்கிறது. அதனால் இரைப்பை, கணையம், சினைப்பை, விதைப்பை, சிறுநீரகம் என்று கழுத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்துப் புற்றும் அங்கே வந்து எட்டிப் பார்க்கும். அவருக்கு இரைப்பையில் இருந்தது. காறை எலும்புக்கு மேல், எந்தப் பக்கமானாலும், கணு கிடைத்தால் நான் அளவைக் காரணம் காட்டித் தள்ளிப்போட மாட்டேன். அங்கே கொஞ்சம் பெரிதான ஒரு கணுகூட விசாரிக்கப்பட வேண்டியது.

இதற்கு நேர்மாறும் உண்டு. பத்தொன்பது வயதுப் பையன், கழுத்தின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கணுக்கள், பெரியது 3 செ.மீ. அவன் அம்மா பயந்துபோய் அழுதுகொண்டே நின்றார். ஒவ்வொரு கணுவும் பெரிதாக இருந்தாலும் நீள்வட்டமாக, ஹைலத்தோடு, நடுவிலிருந்து அழகாக இரத்தம் ஓடிக்கொண்டு இருந்தது. தொண்டை வலியும் காய்ச்சலும் இரண்டு வாரமாக இருந்திருக்கிறது, மண்ணீரலும் லேசாகப் பெருத்திருந்தது. எப்ஸ்டீன் பார் வைரஸ் தொற்று. ஆனால் அந்த வயதில் நிணநீர் மண்டலத்துப் புற்றான லிம்போமாவும் வரும், லிம்போமாக் கணுவில் சில நேரம் ஹைலமும் நடு இரத்த ஓட்டமும் அப்படியே இருக்கும் என்பதால், "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. இரத்தப் பரிசோதனையும், ஆறு வாரம் கழித்து மறு ஸ்கேனும் எழுதினேன். ஆறு வாரத்தில் எல்லாம் பாதியாகச் சுருங்கியிருந்தன.

காசநோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உள்ளே அழுகி நீராகி, சுற்றியுள்ள திசுவும் வீங்கியிருந்தால் எனக்குக் காசநோய் நினைவு வரும். ஆனால் புற்றும் கணுவுக்குள் அழுகும், கணுவின் உறையைத் தாண்டி வெளியே வந்து சுற்றியுள்ளவற்றோடு ஒட்டும். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாத நாட்கள் எனக்கு நிறைய உண்டு. அப்போது இரண்டையும் எழுதி, ஊசியில் எடுக்கும் திசுவைக் காசநோய்ப் பரிசோதனைக்கும் சேர்த்தே அனுப்பச் சொல்லுவேன். ஒரே முறை குத்தி இரண்டுக்கும் விடை கிடைக்க வேண்டும், நோயாளியை இரண்டாவது முறை வரவழைப்பது என்பது இன்னும் இரண்டு வாரத் தூக்கமில்லாத இரவுகள்.

இன்னொரு ஏமாற்று: நாற்பது வயதைக் கடந்தவரின் கழுத்துப் பக்கவாட்டில் திடீரென்று முளைக்கும் நீர்க்கட்டி. பிறவியிலிருந்து இருக்கும் சாதாரண நீர்க்கட்டி என்று எழுதத் தோன்றும். எச்.பி.வி. வைரஸால் டான்சிலிலோ நாக்கின் அடியிலோ வரும் புற்று, கணுவில் பரவும்போது அச்சு அசலாக அப்படித்தான் நீர்க்கட்டியாகத் தெரியும். மூலக் கட்டி சின்னதாக, வலி இல்லாமல், தொண்டைக்குள் ஒளிந்திருக்கும். அந்த வயதில் புதிதாக வந்த நீர்க்கட்டியைச் சாதாரணமானது என்று நான் எழுதுவதே இல்லை.

ஊசிக்கு வருகிறேன், பயம் எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கிறது. ஸ்கேன் சந்தேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும், எந்தக் கணுவில் எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று காட்டும். புற்று இருக்கிறது என்று உறுதி செய்வது திசுதான். அணுக்களை உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனையின் ஊசி, இரத்தம் எடுக்கும் ஊசியின் அளவுதான், பல நேரம் அதைவிட மெல்லியது. கார்டெக்ஸ் புடைத்திருந்தால் அந்தப் புடைப்பில்தான் குத்த வேண்டும், நடுவில் குத்தினால் கொழுப்புதான் வரும். நீர் கோத்த கணுவில் நீரை மட்டும் உறிஞ்சி அனுப்பினால் அணுக்களே இருக்காது, ஓரத்துக் கெட்டியான பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். தைராய்டு சந்தேகம் என்றால் குத்திய ஊசியை 1 மி.லி. உப்புநீரில் அலசி அதில் தைரோகுளோபுலின் பார்ப்போம். அணுக்கள் போதாமல் போனாலும் அந்த அலசல் நீர் உண்மையைச் சொல்லிவிடும். லிம்போமா சந்தேகம் என்றால் மெல்லிய ஊசி போதாது, தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுக்கும் கோர் பயாப்ஸியோ முழுக் கணுவையும் எடுப்பதோ வேண்டும், வகை பிரிக்க நிறையத் திசு தேவை.

"ஊசி குத்தினா புத்து பரவிடும்னு சொல்றாங்களே" என்று கேட்காதவர்கள் குறைவு. கழுத்துக் கணுவில் மெல்லிய ஊசியால் அப்படி நடப்பது மிக மிக அரிது, ஆனால் நோய் தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பதன் கெடுதல் நான் கண்ணால் பார்த்தது. அதைவிட நான் கவலைப்படுவது, ஸ்கேனும் ஊசியும் இல்லாமல் நேராகக் கழுத்தைத் திறந்து கட்டியை எடுத்துவிடுவது. வாய், தொண்டைப் புற்று கணுவுக்குப் பரவியிருந்தால், அப்படித் திறந்த கழுத்தில் பிறகு செய்ய வேண்டிய முறையான அறுவை சிகிச்சை சிக்கலாகிவிடும்.

"அணுக்கள் போதவில்லை" என்று வரும் ரிப்போர்ட்டை "ஒன்றும் இல்லை" என்று படிக்காதீர்கள். அது விடை இல்லாத கேள்வி, மறுபடி கேட்க வேண்டும். விடை நல்லதாக வந்தும் கணுவின் தோற்றம் மோசமாக இருந்தால்கூட நான் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, மறுபடி குத்தலாம் என்று சொல்லியிருக்கிறேன். அப்புறம் ஒன்று, கட்டி கரையட்டும் என்று இடையில் யாராவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் சாப்பிடும் முன் கேளுங்கள். லிம்போமாக் கணு ஸ்டீராய்டில் வேகமாகச் சுருங்கிவிடும், குணமானது போலத் தோன்றும், பயாப்ஸியில் நோயும் மறைந்துகொள்ளும். இரண்டு மாதம் கழித்து அது திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

என் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தபோது "நீயே பாத்துடுடி, வேற யார்கிட்டயும் போக மாட்டேன்" என்றாள். நான் பார்க்கவில்லை. சொந்தக்காரருக்கு ஸ்கேன் பார்க்கும்போது கண் தனக்கு வேண்டியதையே தேடும், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தோழி ஒருத்தி பார்த்தாள், நான் அக்காவின் மறு கையைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்க்காமல் நின்றேன். அக்குளில் ஆறு கணுக்கள், ஐந்து நன்றாக இருந்தன, ஒன்றில் மட்டும் கார்டெக்ஸ் ஓரிடத்தில் 4 மி.மீ. தடித்துப் புடைத்திருந்தது. அக்குளில் 3 மி.மீ.க்கு மேல் போனால் சந்தேகிப்போம். மொத்தக் கணுவின் அளவை மட்டும் எழுதியிருந்தால் அது தப்பியிருக்கும், ஏனென்றால் மற்ற ஐந்தில் ஒன்று அதைவிடப் பெரியது. ஊசியில் புற்று உறுதியானது. கீமோதெரபி தொடங்கும் முன்பே தோழி அந்தக் கணுவுக்குள் ஒரு சின்ன உலோகக் கிளிப் வைத்தாள். இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள் என்று மார்பகப் புற்றுக்கு வரும் எல்லோரிடமும் சொல்கிறேன். கீமோவுக்குப் பிறகு கணு சுருங்கி மற்றவற்றைப் போலாகிவிட்டால், எது நோயுள்ளதாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

அக்காவுக்கும் அப்படித்தான் ஆனது. கீமோ முடிந்த பிறகு எடுத்த ஸ்கேனில் அந்தக் கணு சாதுவாகத் தெரிந்தது. "அப்ப அது போயிடுச்சா?" என்று கேட்டாள். அல்ட்ராசவுண்டால் அதைச் சொல்ல முடியாது அக்கா என்றேன். 2 மி.மீ.க்கும் சிறிய புற்றுத் திட்டு எந்தக் கருவியிலும் எங்கள் கண்ணுக்குச் சிக்காது. அறுவை சிகிச்சையில் கிளிப் வைத்த கணுவைத் தேடி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதற்கேற்றபடி கதிர்வீச்சு கொடுத்தார்கள். இப்போது மூன்று வருடமாக நன்றாக இருக்கிறாள்.

அதே சமயம் அக்குள் ஸ்கேனுக்கு இன்று முன்பைவிட அதிகப் பொறுப்பு வந்திருக்கிறது. 2023இல் வெளியான சவுண்ட் என்ற ஆய்வில், 2 செ.மீ. வரையிலான மார்பகப் புற்று இருந்து, அக்குள் ஸ்கேன் சுத்தமாக இருந்த பெண்களில், ஒரு பாதிப் பேருக்கு புற்று முதலில் போய்ச் சேரக்கூடிய அக்குள் கணுவை எடுத்துச் சோதிக்கும் சென்டினல் பயாப்ஸியையே செய்யாமல் விட்டார்கள். ஐந்து வருட முடிவில் அவர்கள் மற்றவர்களுக்குச் சளைக்காமல் இருந்தார்கள். தோலில் வரும் மெலனோமாவிலும் 2017இல் வந்த ஆய்வு ஒன்று, சென்டினல் கணுவில் நோய் இருந்தாலும் மீதிக் கணுக்களை உடனே அள்ளி எடுக்காமல் அல்ட்ராசவுண்டில் கண்காணித்தால் உயிருக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்று காட்டியது. கை வீக்கம், கால் வீக்கம் என்று வாழ்நாள் முழுக்கக் கூட வரும் தொல்லைகளிலிருந்து எத்தனையோ பேர் தப்பிக்கிறார்கள். அதற்குப் பதிலாக எங்கள் புரோப் ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்கேனுக்கு வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பழைய ஸ்கேன் படங்கள் இருந்தால் கொண்டு வாருங்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, ஒரு வருடமாக மாறாத கணுவும் இரண்டு மாதத்தில் இரட்டிப்பான கணுவும் எனக்கு ஒரே மாதிரி தெரியலாம். சமீபத்தில் கையில் தடுப்பூசி போட்டிருந்தால் எந்தக் கை, எப்போது என்று சொல்லுங்கள். 2021இல் கோவிட் தடுப்பூசிக்குப் பிறகு அதே பக்க அக்குளில் கணுக்கள் வீங்கி, மேமோகிராம் எடுக்க வந்த பெண்கள் எத்தனையோ பேர் பயந்துபோனார்கள். முன்பு ஏதாவது புற்றுநோய் வந்திருந்தால், பத்து வருடம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். இரவில் உடை நனையும் அளவு வியர்ப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, தொடர் காய்ச்சல், பூனைக் கீறல், பல் வலி, குரல் மாற்றம், எதையும் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பெரியவர்களுக்குக் கழுத்தில் வந்த கட்டி, தொற்றுக்கான அறிகுறி எதுவும் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால், ஆன்டிபயாட்டிக் ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று நாள் கடத்தாமல் காட்டிவிடுங்கள். வலி இல்லை என்பதால் பயமில்லை என்று நினைக்கிறார்கள், புற்றுக் கணு பெரும்பாலும் வலிப்பதில்லை. ஸ்கேனுக்கு எட்டாத இடங்களும் உண்டு, தொண்டைக்குப் பின்னால், நெஞ்செலும்புக்குப் பின்னால். அங்கெல்லாம் சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோதான் பார்க்க முடியும். ஆகவே கழுத்து ஸ்கேன் சுத்தம் என்று வந்த பிறகும் மருத்துவர் வேறு படம் எழுதினால் அதில் நியாயம் இருக்கும்.

ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வடிவம், ஹைலம், கார்டெக்ஸ், எந்த இடம், இரத்த ஓட்டம் எப்படி என்று எதுவுமே இல்லாமல் "சில கணுக்கள், பெரியது 14 மி.மீ." என்று மட்டும் இருந்தால், அதை எழுதியவரிடமே போய்க் கேட்கலாம். அதில் தப்பே இல்லை. என்னிடம் கேட்டால் நான் மறுபடி படத்தைத் திறந்து காட்டுவேன்.

அந்தத் தைராய்டு அம்மா இன்னும் வருடத்துக்கு ஒரு முறை என்னிடமே வருகிறார். இரண்டாவது அறுவை சிகிச்சையும் கதிரியக்க அயோடினும் முடிந்து தைரோகுளோபுலின் கீழே இறங்கி அப்படியே நிற்கிறது. போன முறை இடது பக்கம் 5 மி.மீ.யில் ஒரு கணு புதிதாகத் தெரிந்தது. நீள்வட்டம், ஹைலம் இருந்தது, புள்ளிகள் இல்லை. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டி, ரிப்போர்ட்டில் இடத்தையும் தோற்றத்தையும் எழுதி, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்று மாதத்தின் பெயரையும் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, கைபேசியில் குறித்துக்கொண்டு கிளம்பினார்.